விருந்தும் மருந்தும்

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. மூன்று நாளுக்கு மேற்பட்டால் விருந்து சுமையாகும், மருந்து வெறுப்பாகும் என்பது அதன் கருத்து. ஆனால், மூன்று நாளன்று, ஒரு முழு வருஷம் தங்குவதற்கென்று வந்த விருந்தினரைக் கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு நாடு தன் வாயிலைத் திறந்து ஏற்றுக்கொண்டது. தன் குடிகளுக்குக் கொடுத்த மருந்தையே அவர்களுக்கும் கொடுத்தது. 2020, 2021 ஆகிய வருஷங்களில் இஸ்ரேல் நாட்டிற்குச் சென்று தங்கிய யூத மாணாக்கர்களின் வரலாற்றையே இங்கே குறிப்பிடுகின்றோம். அவ்வரலாற்றில் பாராட்டத்தக்கதும் உண்டு, வருந்தத்தக்கதும் உண்டு. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் வாழும் யூதர்களிடையே ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. பள்ளிப் படிப்பு முடிந்து கலாசாலை புகுவதற்கு முன், பதினெட்டு வயதளவில், பிள்ளைகளை ஒரு வருஷம் இஸ்ரேலுக்கு அனுப்பி வைக்கின்றனர். இரண்டு படிப்புக்கும் இடையே விடும் காலமாதலால் இதனை இடைவருஷம் என்று நாம் அழைக்கலாம். அவர்களோ ஹீப்ரு மொழியில் "ஷனா பாஆரெட்ஸ்" என்கின்றனர். "நாட்டில் ஒரு வருஷம்" என்பது அதன் பொருள். எந்த நாடு என்று பெயர் சொல்லாமலே விடுவதிலிருந்து அவர்களுடைய உள்ளக்கிடக்கை நன்கு விளங்கும்.

வைதிக ஒழுக்கத்தில் நிற்கும் குடும்பத்துப் பிள்ளைகளில் ஆண்கள் யெஷிவா என்னும் சாஸ்திர பாடசாலைகளிலும், பெண்கள் செமினரி என்னும் பாடசாலைகளிலும் சேர்கின்றனர். மற்றவர்கள் மொழி பயில்வர். ஏழைகளின் வட்டாரங்களில் ஊழியம் செய்வர். கிபுட்ஸ் என்னும் கூட்டுப் பண்ணைகளில் உழைப்பர். இத்தகைய ஏற்பாடுகளுக்குத் துணைசெய்வதற்கென்றே இஸ்ரேல் சர்க்காரும் யூத ஏஜென்ஸியும் சேர்ந்து 2004-ஆம் வருஷத்தில் மஸா என்னும் ஸ்தாபனத்தை நிறுவின. செலவோ சொற்பமன்று. பல பாடசாலைகளில் ஒரு வருஷத்திற்கு 20,000 டாலருக்கு மேல் ஆகும். அவ்வளவு பணத்தைச் செலவிட்டுப் பட்டமும் பதவியும் தராத ஒரு வருஷத்தைப் பெற்றோர் வாங்குகிறார்கள் என்றால், அதில் வேறொரு பயனை அவர்கள் காண்கின்றனர் என்பது தெளிவு. தன் முன்னோர் மொழி தெருவில் பேசப்படுவதைப் பிள்ளை கேட்கவேண்டும். தன் பண்டிகை ஊர் முழுவதற்கும் பண்டிகையாக இருப்பதை ஒருமுறையேனும் காணவேண்டும் என்பதே அப்பயன்.

இவ்வழக்கம் இஸ்ரேல் என்னும் ராஜ்யத்திற்கும் முந்தியது. அயல்நாட்டு யூத வாலிபர் இயக்கங்களின் தலைவர்களைப் பயிற்றுவதற்கென்று 1946-ஆம் வருஷத்திலேயே எருசலேமில் ஒரு நிலையம் தோன்றிவிட்டது. மறு வருஷம் ஸிப்போரா போராத் என்னும் அமெரிக்க யுவதி ஹீப்ரு சர்வகலாசாலையில் ஒரு வருஷம் படித்துவிட்டுத் திரும்புவதாகச் சொல்லி வந்தார். படிப்பு நின்றது, போர் மூண்டது. அவர் யூதர்களின் பாதுகாப்புப் படையில் சேர்ந்து காயமுற்றோர்க்குச் சிகிச்சை செய்பவரானார். வீட்டிற்கு அவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் புத்தகமாக வெளிவந்தன. ஒரு வருஷத்திற்கென்று வந்தவர் அந்நாட்டிலேயே தங்கிவிட்டார்.

ஆகவே, "இருப்பதா, திரும்புவதா?" என்னும் வினா இம்மாணாக்கர்க்குப் புதியதன்று. 1967-ஆம் வருஷத்துப் போரின்போதும், 1973-ஆம் வருஷத்துப் போரின்போதும் எழுந்தது. 1991-ஆம் வருஷத்தில் ஈராக்கின் ஏவுகணைகள் டெல் அவீவ் நகரத்தின்மேல் விழுந்து, ஜனங்கள் விஷவாயுக் கவசம் அணிந்து அறைகளில் அடைந்திருந்தபோதும் எழுந்தது. 2023-ஆம் வருஷம் அக்டோபர் 7-ஆம் தேதிக்குப் பின்னும் எழுந்தது. அப்போதெல்லாம் ஆபத்து அங்கே இருந்தது. தாய் தந்தையர் வீடு பத்திரமாக இருந்தது. எனவே வினா கடினமாயினும் அதன் வடிவம் தெளிவானது. 2020-ஆம் வருஷத்தில் எழுந்த வினாவோ முற்றிலும் வேறானது. அப்போது ஆபத்து இரண்டு இடத்திலும் இருந்தது. எங்கே அதிகம் என்று அறிந்தவர் ஒருவருமில்லை.

அந்த வருஷம் பிப்ரவரி 21-ஆம் தேதி இஸ்ரேலில் முதல் கோவிட் நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் 9-ஆம் தேதி, வெளிநாட்டிலிருந்து வருவோர் அனைவரும் பதினான்கு நாள் தனித்திருக்கவேண்டும் என்று பிரதம மந்திரி நெதன்யாகு அறிவித்தார். மார்ச் 11-ஆம் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் இதனை உலகக் கொள்ளைநோய் என்று கூறிற்று. ஒரு வாரத்தில் அந்நியப் பிரஜைகளுக்கு இஸ்ரேலின் வாயில் அடைக்கப்பட்டது. பாடசாலைகளும் கலைந்தன. பஸ்கா பண்டிகைக்காக எப்படியும் பலர் ஊர் திரும்புவது வழக்கந்தான். அவ்வருஷம் சொல்லிக்கொள்ளவும் அவகாசமின்றி, புத்தகங்களையும் துணிமணிகளையும் விடுதியிலேயே போட்டுவிட்டு, கிடைத்த ஆகாய விமானத்தில் ஏறினார்கள்.

ஏறியவர்கள் சென்று இறங்கிய இடம் எது? நியூயார்க்கிற்கு வடக்கே நியூ ரோஷெல் என்னும் ஊரில் ஒரு யூத ஆலயத்தை நடுவாகக் கொண்டு, ஒரு மைல் சுற்றளவில் பள்ளிகளையும் ஆலயங்களையும் அடைத்துவிட்டார்கள். நியூ ஜெர்ஸியிலுள்ள டீனெக் என்னும் ஊரின் தலைவர் ஜனங்கள் எல்லோரும் வீட்டிற்குள்ளேயே இருக்கும்படி மார்ச் மாத நடுவில் வேண்டிக்கொண்டார். இவை இடைவருஷத்திற்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் நிறைந்த ஊர்கள். அமெரிக்காவில் நோய் முதன்முதல் கொடுமையாகத் தாக்கிய இடங்களில் இவையும் சேர்ந்தன. ஆபத்திலிருந்து தப்பவேண்டும் என்று புறப்பட்ட பிள்ளைகள் ஆபத்தின் நடுவே வந்து இறங்கினார்கள். தீர யோசித்தே பெற்றோர் அழைத்தனர். ஆயினும் யோசனைக்கு எட்டாதபடி நிகழ்ந்தது. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. சீனத்து ஊஹான் நகரிலிருந்து நம் நாட்டு மாணாக்கர் அதே வருஷத் தொடக்கத்தில் திரும்பியபோது பெற்றோர் பட்ட பாட்டை அறிந்தவர் இதனை எளிதில் உணர்வர்.

கோடை வந்ததும் வினா மறுபடியும் எழுந்தது; இம்முறை தலைகீழாக எழுந்தது. அமெரிக்கக் கலாசாலைகள் பல, பாடங்களைக் கணினித் திரையில் நடத்துவதாக அறிவித்தன. வீட்டு அறையில் அமர்ந்து திரையைப் பார்ப்பதற்குக் கலாசாலைச் சம்பளம் எதற்கு என்று வாலிபர்கள் கேட்டனர். ஹார்வர்டு சர்வகலாசாலையில் 2020-ஆம் வருஷம் சேரவேண்டிய புது மாணாக்கரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் சேர்க்கையைத் தள்ளிவைத்துக்கொண்டனர் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். யூதக் குடும்பங்களில் இவ்வெண்ணத்திற்கு ஆயத்தமான வழி ஒன்று இருந்தது. இடைவருஷம் வழக்கமில்லாத வீடுகளிலும் அதைப்பற்றிப் பேச்சு நடந்தது. ஆனால் வாயில் அடைத்திருந்ததே!

அந்த வாயிலை இஸ்ரேல் சர்க்கார் மாணாக்கர்க்குத் திறந்தது. உல்லாசப் பிரயாணிகளுக்கு இடமில்லை, வர்த்தகர்களுக்கு இடமில்லை என்றிருந்த நாளில், யெஷிவா, செமினரி, மஸா முதலிய நிலையங்களில் சேர்ந்த ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணாக்கர் 2020-ஆம் வருஷம் ஆகஸ்டு முதற்கொண்டு உள்ளே அனுமதிக்கப்பட்டனர். அதற்கு நிபந்தனைகளும் விதிக்கப்பட்டன. வந்தவுடன் பதினான்கு நாள் ஒதுங்கியிருக்கவேண்டும். அதற்கான இடமும் உணவும் மேற்பார்வையும் பாடசாலையின் பொறுப்பு. கோவிட் சிகிச்சைக்குரிய இன்ஷ்யூரன்ஸ் இருக்கவேண்டும். ஒருகாலத்தில் இலங்கை செல்வோரை மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதித்து அனுப்பியதை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதுபோன்றதோர் ஏற்பாட்டை இங்கே பாடசாலைகளே நடத்தவேண்டியிருந்தது.

இந்த அனுமதியை எல்லோரும் வரவேற்கவில்லை. நியாயமான காரணத்தோடு மனம் நொந்தவர் பலர் இருந்தனர். இஸ்ரேல் பிரஜையை மணக்கவிருந்த அந்நிய நாட்டார் மாதக்கணக்கில் பிரிந்திருந்தனர். தம் மகன் இஸ்ரேல் சேனையில் தன்னந்தனியே சேவை செய்ய, அவனைக் காணமுடியாத தாயார் கடலுக்கு அப்பால் இருந்தார். மகள் பிரசவத்திற்கு வருவதற்கும் பிரத்தியேக அனுமதி வேண்டிக் காத்திருந்தனர். "பதினெட்டு வயதுப் பையன் படிப்பதற்கு வரலாம், பெற்ற தாய் வரக்கூடாதா?" என்பது அவர்கள் கேள்வி. அதற்கு நேரான மறுமொழி கிடைக்கவில்லை. வைதிகக் கட்சிகளுக்கு மந்திரிசபையில் செல்வாக்கு உண்டு, அதனால்தான் யெஷிவாக்களுக்கு இச்சலுகை என்று சொன்னவர்களும் உண்டு. மாணாக்கர் கூட்டமாக ஒரே இடத்தில் தங்குவதால் அவர்களைக் கண்காணிப்பது எளிது என்பது மறுபக்கத்தார் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும், ஒரு வாயிலைத் திறக்கும்போது மற்றொரு வாயில் ஏன் அடைத்திருக்கிறது என்பதை ஜனங்களுக்கு விளங்கச் சொல்வது சர்க்காரின் கடமை. அக்கடமை சரியாக நிறைவேறவில்லை என்றே சொல்லவேண்டியிருக்கிறது.

நிற்க. வந்த மாணாக்கர் எப்படி வாழ்ந்தனர் என்பதைப் பார்ப்போம். யெஷிவாவில் படிக்கும் முறை நம் காலத்துப் பள்ளிகளைப் போன்றதன்று. "யெஷிவா" என்ற சொல்லுக்கே "அமர்ந்திருத்தல்" என்பது பொருள். பேத் மித்ராஷ் என்னும் பெரிய கூடத்தில் தல்மூத் என்னும் சாஸ்திரத் தொகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, உரக்க வாசித்து, உரக்க வாதிட்டுக் கற்பர். இந்த ஜோடிக்கு ஹவ்ரூதா என்று பெயர். தோழமை என்பது அதன் பொருள். நூறு பேர் ஒரே சமயத்தில் வாதிடும் ஓசையே அக்கூடத்தின் சிறப்பு. அருகில் அமர்வது, வாய்விட்டுப் பேசுவது, மூடிய கூடத்தில் நெடுநேரம் இருப்பது ஆகிய மூன்றையுமே வைத்தியர்கள் விலக்கச் சொன்னார்கள். கற்கும் முறையே நோய் பரவும் முறையாகிவிட்டது!

இதற்குக் கண்ட பரிகாரம் சிறு குழுக்கள். மருந்துப் பொடியை அடைக்கும் கூட்டிற்கு வழங்கும் காப்ஸ்யூல் என்ற சொல்லையே அங்கே இக்குழுக்களுக்கும் வழங்கினர். ஒரு குழுவினர் சேர்ந்து உறங்குவர், சேர்ந்து உண்பர், சேர்ந்து படிப்பர். அடுத்த குழுவினரோடு கலக்கலாகாது. மேஜைகளுக்கு நடுவே பளிங்கு போன்ற பிளாஸ்டிக் திரைகள் தொங்கின. பத்து ஆடவர் கூடிச் செய்யவேண்டிய தொழுகையை முற்றங்களிலும் மாடித் தாழ்வாரங்களிலும் நடத்தினர். இவ்வளவு செய்தும் சில பாடசாலைகளில் நோய் புகுந்தது; புகுந்த இடத்தில் வேகமாகப் பரவியது. வாலிபர்களாதலின் பெரும்பாலோர் எளிதில் குணமடைந்தனர். ஆனால் அவர்களுக்குப் போதிக்கும் முதிய ரப்பிகளும், சமைத்துப் போடும் ஊழியரும், பாடசாலையைச் சுற்றி வாழும் ஊராரும் அவ்வளவு எளிதில் குணமடையக்கூடியவரல்லர். விதியை மீறித் தெருவில் உலாவிய மாணாக்கர் சிலரும் இருந்தனர். விருந்தாளியின் அஜாக்கிரதைக்கு வீட்டுக்காரன் தன் உயிரால் விலை கொடுக்க நேரலாம் என்பதை அந்தச் சிலர் உணரவில்லை.

2020-ஆம் வருஷம் செப்டம்பர் 18-ஆம் தேதி, யூத வருஷப் பிறப்பின் முந்திய நாளில், இஸ்ரேல் இரண்டாம் முறை நாடு முழுவதையும் அடைத்தது. அந்நாளில் ஜனத்தொகைக்கு நோயாளர் வீதம் கணக்கிட்டால் உலகில் முன்வரிசையில் நின்ற நாடுகளில் அதுவும் ஒன்று. வருஷப் பிறப்பு, பாவநிவர்த்தி நாள், கூடாரப் பண்டிகை யாவும் அடைப்புக்குள்ளேயே கழிந்தன. இடைவருஷ மாணாக்கர்க்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. ஏனெனில், இவ்வருஷத்தின் உயிர்நாடி பாடசாலையில் மட்டும் இருப்பதன்று. வெள்ளிக்கிழமை அந்தியில் தொடங்கும் ஸப்பாத் என்னும் ஓய்வுநாளில், முன்பின் அறியாத குடும்பத்தார் வீட்டிற்கு மாணாக்கர் விருந்துக்குச் செல்வது நெடுநாள் வழக்கம். வாடகை வீட்டில் எட்டுக் குழந்தைகளோடு வாழும் குடும்பத்தார்கூட அயலூர்ப் பிள்ளைகள் இருவருக்கு இலை போடுவது போல இடம் ஒதுக்குவர். ஒரு நாட்டைப் புத்தகத்தில் அறிவது வேறு. அதன் சமையலறையில் அறிவது வேறு. அந்தச் சமையலறை 2020-ஆம் வருஷத்து மாணாக்கர்க்கு அடைபட்டிருந்தது. தேசத்தைக் காணச் சென்றவர்கள் அதன் சுவர்களைக் கண்டனர் என்றே சொல்லலாம்.

ஆயினும், அங்கேயே இருந்தவர்கள் வீண்போகவில்லை என்பது நம் துணிபு. தெருக்களைச் சுற்றிப் பார்க்க இயலாதபோது, பக்கத்துப் படுக்கைக்காரனோடு வாழக் கற்றனர். நோயுற்ற தோழனுக்குக் கஞ்சியைக் கதவருகே வைத்துவிட்டு விலகி நிற்கக் கற்றனர். தாய் தந்தையர் வந்து பார்க்கமுடியாது, தாம் போய்ப் பார்ப்பதும் நிச்சயமில்லை என்ற நிலையில் பதினெட்டு வயதில் தம் காலில் நிற்கக் கற்றனர். டிசம்பர் 27-ஆம் தேதி மூன்றாம் அடைப்பு வந்தது. 2021-ஆம் வருஷம் ஜனவரி 25-ஆம் தேதி நள்ளிரவு முதல் பென் குரியன் விமான நிலையமே ஏறக்குறைய மூடப்பட்டது. இஸ்ரேல் பிரஜைகளே வெளிநாடுகளில் அகப்பட்டுத் தத்தளித்தனர். நாளொன்றுக்கு இத்தனை பேர்தாம் திரும்பலாம் என்னும் கட்டுப்பாட்டை மார்ச் மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளிக்கும்வரை அந்தத் துன்பம் நீடித்தது. சொந்தக் குடிகளே வெளியே நிற்க, விருந்தினர் உள்ளே இருந்த விந்தையான நிலை அது.

இனி மருந்தைப் பற்றி. 2020-ஆம் வருஷம் டிசம்பர் 19-ஆம் தேதி நெதன்யாகு ஊசி போட்டுக்கொண்டு தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அவ்வளவு வேகமாக ஊசி போட்ட நாடு அந்நாளில் வேறில்லை. முதலில் அறுபது வயதினரும் வைத்திய ஊழியரும். பின்னர் படிப்படியாக வயது குறைந்தது. பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் பதினாறு வயதிற்கு மேற்பட்ட யாவரும். மார்ச் மாதத்திற்குள் முதல் ஊசி பெற்றவர் தொகை ஐம்பது லட்சத்தை எட்டிற்று. ஒரு கோடிக்கும் குறைந்த ஜனத்தொகையில் இது சாமான்யமன்று. இவ்வரிசையில் வெளிநாட்டு மாணாக்கரும் சேர்க்கப்பட்டனர். அமெரிக்காவில் பாட்டனாரும் பாட்டியாரும் ஊசிக்காகக் காத்திருந்தபோது, பதினெட்டு வயதுப் பேரன் எருசலேமில் ஊசி பெற்றுவிட்டான். "எங்கள் வீட்டிற்கு வந்த பிள்ளை எங்கள் பிள்ளையே" என்று ஒரு நாடு சொல்லுமானால், அதைச் செயலால் சொல்லவேண்டிய இடம் இதுதான். இஸ்ரேல் அதைச் செய்தது. டெல் அவீவ் நகரசபையும் பிப்ரவரி மாதத்தில் அந்நியத் தொழிலாளர்க்கும், அடைக்கலம் நாடி வந்தவர்க்கும், அனுமதிச் சீட்டு இல்லாதவர்க்குங்கூட ஊசி போட ஒரு நிலையம் திறந்தது. இவற்றைப் பாராட்டத் தயங்கவேண்டுவதில்லை.

ஆனால் இந்தப் பாராட்டு முழுமை பெறாதவாறு தடுப்பது ஒன்றுண்டு. மேற்குக் கரையிலும் காஸாவிலும் வாழும் பாலஸ்தீனர் ஏறக்குறைய ஐம்பது லட்சம் பேர். இஸ்ரேலின் அரபுக் குடிகளும் கிழக்கு எருசலேமில் வாழும் பாலஸ்தீனரும் இஸ்ரேலின் தடுப்பூசி இயக்கத்தில் சேர்ந்தவர்களே. ஆனால் இந்த ஐம்பது லட்சம் பேர் சேரவில்லை. ஆஸ்லோ ஒப்பந்தங்களின்படி அவர்களுடைய சுகாதாரம் பாலஸ்தீன அதிகார சபையின் பொறுப்பு என்றது இஸ்ரேல் சர்க்கார். ஒரு பிரதேசத்தைத் தன் பிடியில் வைத்திருக்கும் ராஜ்யம் அங்கே தொத்துநோயைத் தடுக்கவும் கடமைப்பட்டது என்பது நான்காம் ஜினீவா உடன்படிக்கை என்று ஐக்கிய நாடுகளின் நிபுணர்களும் மனித உரிமைச் சங்கங்களும் எடுத்துக்காட்டினர். பிப்ரவரி மாதத்தில் சில ஆயிரம் ஊசிகளே கொடுக்கப்பட்டன. இஸ்ரேலில் வேலை செய்ய அனுமதி பெற்ற ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட பாலஸ்தீனத் தொழிலாளர்க்கு ஊசி போடத் தொடங்கியது மார்ச் 8-ஆம் தேதி.

இது நம் கட்டுரைக்குப் புறம்பான அரசியல் என்று எவரும் எண்ணவேண்டாம். அயல்நாட்டு மாணாக்கரை ஏற்கும் யெஷிவாக்களில் சில மேற்குக் கரையிலேயே இருக்கின்றன. 1968-ஆம் வருஷத்தில் தோன்றிப் புகழ்பெற்ற ஹர் எட்ஸியோன் யெஷிவா, பெத்லகேமுக்கும் எபிரோனுக்கும் இடையே அலோன் ஷ்வூத் என்னும் யூதக் குடியிருப்பில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் யூதக் குடியிருப்பு ஒன்று, பாலஸ்தீனக் கிராமம் ஒன்று என்று அடுத்தடுத்து அமைந்துள்ளன. இரண்டிலும் வீசுவது ஒரே காற்று. பரவியது ஒரே நோய். ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த வாலிபனுக்கு மருந்து கிடைத்தது. அடுத்த குன்றின்மேல் பிறந்து வளர்ந்த கிழவனுக்குக் கிடைக்கவில்லை. இதில் அந்த வாலிபனின் குற்றம் ஒன்றுமில்லை. அவன் ஊசியை மறுத்திருந்தால் கிழவனுக்குக் கிடைத்திருக்கப் போவதுமில்லை. ஆனால் ஒரு நாட்டைக் கற்பதற்கென்று வந்தவன் இதையும் கற்கவேண்டும். தன்னை உள்ளே விட்ட வாயில் வேறு யார் யாருக்கு அடைத்திருந்தது என்று கேளாதவன் அந்த வருஷத்தின் பாடத்தில் பாதியையே படித்தவனாவான்.

பிப்ரவரி 21-ஆம் தேதி ஊசி போட்டவர்க்குப் பச்சைச் சீட்டு வழங்கி, அடைத்திருந்த இடங்களைத் திறந்தனர். மார்ச் மாத இறுதியில் வந்த பஸ்கா பண்டிகையில் குடும்பங்கள் கூடி உண்டன; முன் வருஷம் அதே இரவில் நாடெங்கும் ஊரடங்கு. ஏப்ரல் 18-ஆம் தேதி தெருவில் முகமூடி அணியவேண்டும் என்னும் விதி நீங்கியது. மாணாக்கர்க்கு இழந்த வருஷம் திரும்பக் கிடைத்தது போலாயிற்று. நோயை வென்றோம் என்று எல்லோரும் மகிழ்ந்த அந்நாளில், ஏப்ரல் 29-ஆம் தேதி இரவு, மேரோன் மலைத் திருவிழாவின் நெரிசலில் 45 பேர் மாண்டனர். படிக்க வந்த அயல்நாட்டு வாலிபர் சிலரும் அவர்களுள் இருந்தனர். நெடுங்காலமாக எச்சரிக்கப்பட்டும் சீர்செய்யப்படாத இடத்தில் நேர்ந்த விபத்து அது என்று விசாரணைக் குழு 2024-ஆம் வருஷத்தில் கூறியது. பிரதம மந்திரியையும் பொறுப்பாளி என்றது. பத்து நாள் கழித்து, மே 10-ஆம் தேதி, காஸாவிலிருந்து எருசலேமை நோக்கி ஏவுகணைகள் வந்தன. காஸாவின்மேல் குண்டுகள் பொழிந்தன. பதினொரு நாள் நடந்த அச்சண்டையில் மாணாக்கர் பாதுகாப்பு அறைகளில் இரவுகளைக் கழித்தனர். கொள்ளைநோய், நெரிசல், போர் ஆகிய மூன்றையும் பதினெட்டு வயதிற்குள் கண்டுவிட்ட வகுப்பு அது. எனினும், இரண்டாம் வருஷமும் தங்கும் "ஷனா பெத்" வழக்கத்தை மேற்கொண்டவர் அந்த வகுப்பிலும் இருந்தனர்.

2021-ஆம் வருஷம் நவம்பர் மாத இறுதியில் ஓமிக்ரான் என்னும் புதுவகை நோய் தோன்றியதும் இஸ்ரேல் அந்நியர்க்கு வாயிலை மீண்டும் அடைத்தது. ஊசி போடாதவர்க்கும் அது முழுமையாகத் திறந்தது 2022-ஆம் வருஷம் மார்ச் முதல் தேதியில்தான். இரண்டு வருஷங்களாகத் திறப்பதும் அடைப்பதுமாக இருந்த அவ்வாயிலில் நின்று நாம் கற்கவேண்டியவை சில உண்டு.

முதலாவது, படிக்க வந்தவன் உல்லாசப் பிரயாணி அல்லன். சேர்க்கைச் சீட்டைக் கொடுத்துச் சம்பளத்தையும் வாங்கிக்கொண்ட பின், நோய் வந்ததும் "உன் ஊருக்குப் போ" என்று சொல்ல எந்த நாட்டிற்கும் எந்தப் பாடசாலைக்கும் உரிமை இருக்கலாகாது. இருக்க விரும்புவோர் இருப்பதற்கும், போக விரும்புவோர் போவதற்கும் முன்கூட்டியே எழுதிவைத்த ஏற்பாடு வேண்டும். ஆபத்து வந்த பிறகு கூடி யோசித்தால், 2020-ஆம் வருஷம் மார்ச் மாதத்துக் குழப்பமே மீளவும் வரும்.

இரண்டாவது, விருந்தினனுக்கும் கடமை உண்டு. தன் உடல் வலிமையை நம்பி விதியை மீறுவது வீரமன்று. தனக்கு இடம் கொடுத்த ஊருக்குச் செய்யும் துரோகம். பாடசாலைத் தலைவர்கள் சாஸ்திரத்தைப் போதிப்பதோடு இதையும் போதிக்கவேண்டும். உயிரைக் காப்பதற்காக ஓய்வுநாள் விதியையும் விலக்கலாம் என்பது யூத சாஸ்திரத்தின் துணிபு. அச்சாஸ்திரத்தைப் படிக்க வந்தவர்க்கு இதைத் தனியே எடுத்துச் சொல்லவும் வேண்டுமா?

மூன்றாவது, யாருக்கு வாயில் திறக்கும், யாருக்கு அடைக்கும் என்பதற்கு ஒரே நியாயம் இருக்கவேண்டும். மாணாக்கனுக்கு இரங்கும் மனம் தாய்க்கும் இரங்கவேண்டும். தொலைவிலிருந்து வந்த உறவினனுக்கு நீளும் கை அண்டையிலுள்ள அயலானுக்கும் நீளவேண்டும். கொள்ளைநோய் இனம் பார்த்துத் தொற்றுவதில்லை. மருந்து மட்டும் இனம் பார்த்துப் போனால், நோயைவிட மருந்தே மனிதரை அதிகமாகப் பிரித்துவிடும்.

அந்த வருஷத்து மாணாக்கர் இன்று கலாசாலைப் படிப்பும் முடித்து உத்தியோகங்களில் அமர்ந்திருப்பர். அவர்களில் சிலர் வைத்தியராவர், சிலர் ஆசிரியராவர், சிலர் அந்நாட்டிலேயே குடியேறியிருப்பர். நாளை மற்றொரு கொள்ளைநோய் வருமாயின், வாயிலைத் திறக்கவோ அடைக்கவோ தீர்மானிக்கும் இடத்தில் அவர்களிலும் சிலர் அமர்ந்திருக்கக்கூடும். அன்று, பதினெட்டு வயதில் தமக்குக் கதவு திறந்ததையும், கஞ்சி கிடைத்ததையும், மருந்து கிடைத்ததையும் அவர்கள் நினைக்கவேண்டும். அதே நாளில் கதவுக்கு வெளியே நின்றவர்களையும் சேர்த்து நினைப்பாராயின், அந்த ஒரு வருஷத்துக்கென்று பெற்றோர் செலவிட்ட பணம் சிறிதும் வீணன்று என்போம்.